சம்பளம் வாங்காத ஈ

இன்று காலை சேத்தூர்ப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் மருந்துக் கேனைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும் உன் தும்மல்தான் நினைவுக்கு வந்தது. தெருவே திரும்பிப் பார்க்குமே, அந்தத் தும்மல். கொசு ஒழிப்பு வேலையில் சேர்ந்த நாள் முதல் நாம் இருவரும் ஒரே ஜோடி. வீடு வீடாகப் போய்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் புழு தேடியவர்கள்.

இதே கரையில்தான் ஒருநாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, குப்புற விழாத குறையாகச் சேற்றைக் குனிந்து பார்த்தாய். எள்ளைவிடச் சற்றே பெரிய கறுப்பு ஈ. ஈரச் சேற்றை விட்டு நகரவில்லை. நம் சோற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பயில்வான் கை மாதிரி தடித்த முன்னங்கால்களால் ஒரு கொசுப்புழுவைத் தண்ணீரிலிருந்து இழுத்து உறிஞ்சியது.

“ஏட்டி, நம்ம வேலைய இது சம்பளமில்லாமப் பாக்குது பாரு!”

“அப்ப அதுக்கும் ஒரு டார்ச் வாங்கிக் குடு” என்றேன். சிரித்ததில் உனக்குப் புரையேறிவிட்டது.

இன்றும் அந்த ஈக்கள் அங்கேதான் இருந்தன. மருந்து அவற்றையும் சேர்த்துத்தான் கொல்லும். கேனை மூடிவிட்டேன். கரையோர வீட்டில் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும் ஒருத்தி பார்த்துக்கொண்டே நின்றாள். விடுவாளா?

“மருந்தடிக்க வந்துட்டு வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீய! எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?”

அவள் பயம் நியாயமானது. ஆனாலும் நான் அசையவில்லை. “புழுவத் திங்கிறத நான் கொல்லமாட்டேன். காய்ச்சல் கொசு வீட்டு நல்ல தண்ணியிலதான் வளரும். வாங்க, செத்த நேரம் உங்க வீட்டப் பாப்போம்” என்றேன்.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தட்டை வெயிலில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அழுதுவிட்டாள். “பிள்ளைக்குச் சரியாயிரும், இனிமே புழு வளராதுல்லா” என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன். நீயாக இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு வேறு ஜோடி போடவில்லை, நானும் கேட்கவில்லை. முட்டி வலித்தாலும், குனிந்து பார்க்காமல் எந்தத் தண்ணீரிலும் மருந்து ஊற்றுவதில்லை. குனியும்போது மட்டும் கொஞ்சம் இடம் விட்டே குனிகிறேன். பக்கத்தில் நீ குனிகிற இடம் அது.