'யாரோ ஒருத்தரு' என்று பாடச் சொன்னார்கள்

நேற்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதப்போகிறேன். உன் இயர்போன் என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. இன்று காலை எடுத்தபோது உன் தலையெண்ணெய் வாசனை இன்னும் அதில் இருந்தது. ஒரு பக்கம்தான் கேட்கும். அதிராம்பட்டினம் பஸ்ஸில் அந்தப் பக்கத்தை நீ வைத்துக்கொண்டு, முக்கியமான வரி வரும்போது மட்டும் என் காதில் திணிப்பாய்.

கால்பந்து வீடியோ தேடப்போய் ஸ்பானிஷ் ராப்பில் விழுந்தவள் நீ. போன் மொழிபெயர்த்துத் தரும் உடைந்த தமிழை வைத்து ஒவ்வொரு பாடகரையும் விசாரிப்போம். "எவனுக்கும் தலைகுனிய மாட்டேன்" என்று ஒருவன் தங்கச் சங்கிலியை ஆட்டிக்கொண்டு கத்தினான். எனக்குப் புல்லரித்தது. நீ உதட்டைச் சுழித்தாய்.

"எவனுக்கும்னா எவனுக்குடி? பேரச் சொல்லட்டும் பாப்போம். சும்மா கத்துறான்."

பிறகு அந்தக் கரகரத்த குரல்காரி வந்தாள். தன் தெருவில் சாயக்கழிவை விடும் ஆலை முதலாளியின் பெயரைப் பாட்டிலேயே சொன்னாள். அந்த இடத்தில் அவள் குரல் லேசாக நடுங்கியது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாய்.

"பயப்படுறா பாரு. அப்ப இது நெஜம்டி."

அதற்குப் பிறகுதான் உன் பாட்டை எழுதினாய். கடைமடையில் உங்கள் வயலை ஒட்டிச் சிங்காரவேலுவின் இறால் குட்டை வந்ததும், உப்பேறி நாற்று கருகியதும் அதில் இருந்தன. 'எங்க வயல்ல உப்பப் போட்டது யாரு? சிங்காரவேலு, சிங்காரவேலு.' ஆண்டு விழாவில் பாடுவதாக இருந்தாய். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று மாலை பள்ளியில் உனக்கு நினைவுக் கூட்டம். உன் பாட்டை நான் பாடுவதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு முதலில் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

"அந்தப் பேரு மட்டும் வேணாம்மா. 'யாரோ ஒருத்தரு'ன்னு பாடிடு. தாளம் இடிக்கல, நானே பாடிப் பாத்துட்டேன்."

"அவரு வர்றாரா சார்?"

"அவருதாம்மா தலைமை. உன் சிநேகிதி படத்துக்கு அவரே மாலை போடுறாராம். பெரிய மனசு."

கருகிய நாற்றை எட்டிப் பார்க்காதவர் படத்துக்கு மட்டும் ஏன் மாலையோடு வருகிறார்? பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டுக்குத் தொல்லை வருமோ என்று உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"வரும்தான். அவ எழுதுனத அப்படியே பாடு. இல்லன்னா பாடாத" என்றார்.

முன்வரிசையில் சிங்காரவேலு தோளில் சால்வையும் முகத்தில் துக்கமுமாக உட்கார்ந்திருந்தார். அந்தத் துக்கத்தை நான் நம்பவில்லை. மாற்றிப் பாடினால் எல்லாரும் கைதட்டுவார்கள். நீ மட்டும் உதட்டைச் சுழிப்பாய். அந்த வரி வந்தது. என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று பெயரைச் சொன்னேன்.

இரண்டாவது தடவை சொல்லும்போது மைக் செத்துவிட்டது. பின்வரிசையிலிருந்து உன் அம்மா என்னோடு சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார். அந்த நடுக்கம் இன்னும் என் தொண்டையை விட்டுப் போகவில்லை. போகவேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

"கரண்ட் போயிடுச்சு, எல்லாரும் கெளம்புங்க" என்றார் தலைமையாசிரியர். எதிர் டீக்கடையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்: எங்கள் மண்டபத்தில் விளக்குகள் அணைக்கப்பட்டன.