மாநில விருது எந்தப் படிப்புக்குச் சமம்

இன்று காலை சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மூட்டைகளைக் கடக்கும்போது தும்மல் பிடித்துக்கொண்டது. மூக்கைத் துடைத்தபடி ஓரமாக நின்றேன். வருடங்களுக்கு முன் என் மேசைக்கு வந்த உன் வேலை விண்ணப்பத்திலும் இதே நெடிதான் இருந்தது. மிளகாய்க் கிடங்குக்கு மேலே குடியிருந்தவளின் காகிதத்தில் வேறென்ன மணக்கும்?

அந்தக் கிடங்கில் உட்கார்ந்து காம்பு கிள்ளும் பெண்களைத்தான் நீ படமெடுத்தாய். இரவல் கேமரா, மூன்று மழைக்காலம். வேலை முடிந்ததும் எரியும் கைகளை மோரில் முக்கிவைத்துக்கொண்டு அவர்கள் பேசும் பேச்சு, அவ்வளவுதான் படம். அதற்கு மாநில விருது கிடைத்த அன்று ஆரியசாலை முழுக்க வீடு வீடாக இனிப்பு கொடுத்தாய். எனக்கு மட்டும் இரண்டு தடவை.

அடுத்த வருடம், சினிமா கற்பிக்கும் எங்கள் நிறுவனத்தில் இயக்கம் சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தார்கள். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கிளார்க் நான். பட்டமும் அதற்கு மேல் ஒரு திரைப்பட டிப்ளமாவும் வேண்டும், அது இல்லாதவருக்கு தேசிய அளவில் அங்கீகாரம் இருக்க வேண்டும் என்பது விதி. நீயோ அப்பா படுத்த படுக்கையானபோது பி.ஏ.யைப் பாதியில் விட்டவள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சிரித்தாய்.

"ஏட்டி, ஸ்டேட் அவார்டு பி.ஏ.க்குச் சமமா, எம்.ஏ.க்குச் சமமா? பார்த்து எழுது கேட்டோ."

விதிவிலக்கு கேட்டு ஒரு குறிப்பு எழுதி ஃபைலை மேலே அனுப்பியிருக்கலாம். எங்கள் பிரிவின் சூப்பிரண்டிடம் கேட்டும் பார்த்தேன்.

"ரூலில் இல்லல்லோ," என்றார் மலையாளத்தில், தலை நிமிராமல். பிறகு நிமிர்ந்து, "நிங்ஙளுடெ கூட்டுகாரியல்லே?" என்றார்.

ஆமாம், என் தோழிதான். அந்தக் கேள்விதான் என் கையைக் கட்டிப்போட்டது. வேண்டியவளுக்காகச் செய்தாள் என்று ஆபீஸில் பேச்சு வருமே என்று பயந்தேன். உன் பெயருக்கு நேரே 'தகுதி இல்லை' என்று எழுதினேன். அன்று சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நீ தேங்காய் உடைத்தாய். இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாய். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன்.

மூன்று நாள் கழித்துப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். கூட்டத்தோடு நின்று படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாய். சத்தம் போடவில்லை.

"நீ எழுதினது சரியாவே இருக்கட்டும்ட்டி. தேங்கா உடைக்கப் போகும்போதே சொல்லியிருக்கலாம்லா?"

அதற்குப் பிறகும் என் வீட்டுக்கு வந்தாய், போனாய். என் மகளுக்கு சைக்கிள் பழக்கியது நீதான். ஆனால் எடுக்கிற படத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. மஞ்சள் காமாலை வந்து இரண்டே வாரத்தில் நீ போன பிறகு, உன் தம்பி சொல்லித்தான் தெரிந்தது, பாதியில் ஒரு படம் நிற்கிறது என்று.

விதி இப்போது மாறிவிட்டது. மாநில விருதே போதும், பட்டம் கட்டாயமில்லை. அந்த உத்தரவை ஃபைலில் சேர்த்ததும் நான்தான். முதல் வருடப் பிள்ளைகளுக்கு உன் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒருநாள் கதவோரம் நின்று பார்த்தேன். திரையில் நீ எங்கும் இல்லை. ஓரிடத்தில் மட்டும் கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரிக்கிறாய். அதற்கு மேல் நிற்க முடியவில்லை, இருக்கைக்குத் திரும்பிவிட்டேன்.

சூப்பிரண்டின் நாற்காலியில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, மதியமானால் கண் எரிகிறது. பட்டியலை ஒட்டும் முன்பு, தகுதி இல்லை என்று நாங்கள் எழுதிய ஒவ்வொருவரையும் நானே போனில் கூப்பிட்டுச் சொல்கிறேன். அது உங்கள் வேலையில்லை மேடம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. நேற்று ஒருவர், பத்து வருடமாகக் குறும்படம் எடுப்பவராம், "என்னைத் தகுதி இல்லேன்னு சொல்ல நீங்க யாரு?" என்று கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் நான்கு பேர் பாக்கி இருந்தார்கள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினேன்.