குருசடிக்கு நேராக

ஆர்ஷா அப்பாவுக்கு,

"வள்ளத்த வித்துரணும்ணு அண்ணன் சொல்லிச்சு" என்று உங்கள் தம்பி வந்து நின்றார். விற்க மாட்டேன். சாலை பஜார் கடையில் ஒளிந்துகொண்டு நீங்கள் போனை எடுக்காததால்தான் எழுதுகிறேன்.

நான் துடுப்பு போடக் கற்றுக்கொண்டேன். ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரத்தில் அக்கரைக் கடவுத்துறைக்கு நேராகத் துடுப்பு போட்டால், வள்ளத்தை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குத்தான் இழுக்கும். அன்று உங்களையும் ஆர்ஷாவையும் இழுத்த மாதிரியே, முதல் நாள் என்னையும் இழுத்தது. அது யாருக்கும் நடக்கும். இப்போது கடவுக்கு மேலே, ஆறு வரும் பக்கமாகத் தள்ளி, சிலுவை நிற்கிற குருசடியைப் பார்த்துப் போடுகிறேன்; ஆறே என்னைக் கடவில் கொண்டு சேர்க்கிறது.

லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறுவதில்லை. மழைவெள்ளம் வந்தால் வள்ளத்தை அவிழ்ப்பதே இல்லை.

கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுதிரியும் வாங்கிவிட்டேன். உங்களுக்கும் ஒரு ஜாக்கெட் வாங்கியிருக்கிறேன். அன்று காலை நம் கடவுக்கு வந்துவிடுங்கள். ஆற்றைப் பார்க்க வேண்டாம். என்னைப் பார்த்து உட்கார்ந்தால் போதும்.

அக்கரையில் அவளை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகு நீங்கள் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. இந்தத் தடவை நான் கொண்டுபோகிறேன்.

அவள் அம்மா