இடது பக்கத்து ரப்பர்

என் வீட்டு மகாராணிக்கு,

மகளும் பேத்தியும் சுகம் என்று உன் தம்பி சொன்னான். நானும் சுகம்தான். நீ அவசரப்பட்டுக் கிளம்பி வர வேண்டாம்.

பழைய லாரிக்கு நேற்று கேபினை ஏற்றினோம். கேபினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் மெத்தை எந்தக் கடையிலும் இல்லை. குவாரியில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டை வட்டமாக வெட்டி அடுக்கினேன். என் வழக்கம் உனக்குத் தெரியும், ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் வைப்பேன். வலது பக்கத்துக்கு வலது கை, இடது பக்கத்துக்கு இடது கை.

ஜாக்கை இறக்கியதும் கேபின் இடது பக்கம் சாய்ந்தது.

"என்ன மாமா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி தலையைச் சாய்க்குது?" என்று உன் தம்பி சிரித்தான்.

"பெல்ட்டு மட்டமான சரக்குடா," என்றேன்.

அவன் சாப்பிடப் போனபின், இடது பக்கத் துண்டுகளை எடுத்து வலது கையால் அழுத்தினேன். பாதிக்கு மேல் பஞ்சு மாதிரிப் புதைந்தன. மறுபடி இடது கையால் அழுத்தினேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. பக்கத்தில் கிடந்த ஸ்பேனரையும் அதே கையால் அழுத்திப் பார்த்தேன். அதுவும் அப்படியேதான் இருந்தது.

வேறு விசேஷம் இல்லை. உன் கண்ணாடி டம்ளர் ஒன்று கை நழுவி உடைந்துவிட்டது, திட்டாதே. சட்டைப் பொத்தான் போடக் கொஞ்சம் நேரமாகிறது.

நீ வந்ததும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். என் இடது கையில் ஏதாவது ஒரு விரலைப் பிடி. எந்த விரல் என்று சரியாகச் சொல்லிவிடுவேன்.

காலை பஸ்ஸிலேயே வந்துவிடேன்.

உன் வீட்டுக்காரன்