கிணறில்லா வீட்டில் அறுநூறு குஞ்சுகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
6–2–1939

அன்புள்ள இன்பத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ எழுதினால்தானே தெரியும்.

இந்தக் கோர்ட்டுக்கு நகல் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்து இன்றோடு மூன்று வாரம். "நீங்க முன்னால போங்க, பத்து நாள்ல வாரேன்" என்று ராஜபாளையம் ஸ்டேஷனில் நின்று சொன்னாயே, அந்தப் பத்து நாள் எந்தக் காலண்டரில் இருக்கிறது? ஓட்டல் சாம்பாரைத் தின்று நாக்கு செத்துவிட்டது. ஏழு மைல் தூரத்தில் இருக்கிற பெண்டாட்டிக்குத் தபால் எழுதுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை நானே வரலாம். வரமாட்டேன். நீதான் வரவேண்டும்.

தலைமைக் குமாஸ்தா சிவனாண்டி தினமும், "வீட்டுல அவிய எப்ப வாராவ?" என்று கேட்கிறார். உனக்குக் காய்ச்சல், கால்வலி, பல்வலி எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். இனி என்ன நோய் சொல்வது என்று நீயே எழுது.

நான் பிடித்திருக்கிற வீட்டில் கிணறு கிடையாது, ஆனால் கோர்ட்டுக்கு நாலு எட்டுதான். மணி அடித்த பிறகு சட்டை மாட்டினால் போதும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
வேதசிரோமணி

*

ராஜபாளையம்,
11–2–1939

அன்புள்ள அத்தானுக்கு இன்பம் எழுதுவது. எனக்குக் காய்ச்சலும் இல்லை, பல்வலியும் இல்லை. நன்றாக இருக்கிறேன்.

வராததற்குக் காரணம் இரண்டு. பஞ்சுக் கம்பெனி வேலையாக ஜப்பானில் இருக்கிற என் தம்பி பொன்னுராஜ், போன லீவுக்கு வந்தபோது பீப்பாயில் வைத்துக் கொண்டுவந்தானே நாலு வண்ணக் கெண்டை, அங்கே கோய் என்பார்களாம், அவை முட்டையிட்டுவிட்டன. புதன்கிழமை விடியும்போது தொட்டித் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் கலங்கியது. தம்பி சொன்னபடி தென்னம்பன்னாடையில் கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் போட்டிருந்தேன். அது முழுக்க முட்டை, ஊறிய கசகசா மாதிரி. பெற்றதுகளே தின்றுவிடும் என்று பன்னாடையோடு தூக்கிப் பக்கத்துத் தொட்டியில் போட்டேன். இன்று பொரிந்துவிட்டது. குஞ்சு என்று பெயர், பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரு மயிரும்தான். அடுத்த வீட்டு வெங்கம்மா எட்டிப் பார்த்து, "என்னி சேப்பலு!" எத்தனை மீன் என்று தெலுங்கில் சொல்லி வாயில் கைவைத்தாள்.

இரண்டாவது காரணம், நீங்கள் பிடித்த வீட்டில் கிணறு இல்லை. பிடிக்கும் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? குடத்துத் தண்ணீருக்கு ஒருத்தியை எதிர்பார்த்துக் குடித்தனம் நடத்த என்னால் ஆகாது. என் மீனுக்கும் ஆகாது.

சிவனாண்டி அண்ணாச்சியிடம் எனக்குப் பிரசவம் என்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
இன்பம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
25–2–1939

அன்புள்ள இன்பத்துக்கு,

நாற்பத்தெட்டு வயதில் உனக்குப் பிரசவம் என்று சிவனாண்டியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மகன் கோயம்புத்தூரிலும் மகள் சாத்தூரிலும் குடித்தனம் போட்ட பிறகு இனி நமக்கு ஓய்வு என்று நினைத்தேன். நீ மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய்.

கிணறு கிணறு என்கிறாய். குருவம்மாள் என்று ஒருத்தி காலையில் நாலு குடம் ஊற்றிவிட்டுப் போகிறாள். ஒரு மனிதனுக்கு இது போதாதா?

பஸ் கண்டக்டர் மாரிசாமியிடம் ஒரு ஓலைப்பெட்டி பால்கோவா கொடுத்தனுப்பியிருக்கிறேன். உனக்கு, மீனுக்கு இல்லை.

வேதசிரோமணி

*

ராஜபாளையம்,
4–3–1939

அன்புள்ள அத்தானுக்கு,

பால்கோவா கிடைத்தது. பாதியை வெங்கம்மா தின்றாள், மீதியை ஒளித்துவைத்து நான் தின்றேன். ரொம்ப ருசி.

குஞ்சுகள் அரிசி நீளம் வந்துவிட்டன. அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மல் துணியில் முடிந்து, தண்ணீரில் லேசாகப் பிசைந்து விடுகிறேன். புகை மாதிரி பரவும், பாய்ந்து வந்து தின்னும். ஒரு நாளைக்கு ஐந்து தரம். ஒரு டம்ளரில் மொண்டு எண்ணி, எத்தனை டம்ளர் என்று கணக்குப் போட்டதில் மூவாயிரம் தேறுகிறது. இப்போது நெருக்கடி. பெரிதாகிவிட்டவை சிறியவற்றை விழுங்குகின்றன. இடம் மாற்றாவிட்டால் பாதி போய்விடும்.

அதனால் செவ்வாய்க்கிழமை மாரிசாமியோடு இரண்டு பெரிய பானைகள் வருகின்றன. அறுநூறு குஞ்சு. உங்கள் முற்றத்தில் இருப்பதாக மாரிசாமி சொன்ன சிமெண்டுத் தொட்டியை உப்புப் போட்டுக் கழுவி நிரப்பிவையுங்கள். பானையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, செத்த நேரம் கழித்து மெல்லச் சாயுங்கள். பட்டாணி அளவு கரு, நாலு தரம். அதற்கு மேல் வேண்டாம். எப்போது போனாலும் வாயைத் திறந்துகொண்டு வரும். கேட்கிறதே என்று போட்டுவிடாதீர்கள்.

இன்பம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
12–3–1939

என் அன்புள்ள இன்பத்துக்கு,

குஞ்சுகள் வந்த அன்று இது என்ன தலைவேதனை என்றுதான் நினைத்தேன். இப்போது மத்தியானம் கோர்ட்டிலிருந்து ஓடிவந்து கரு பிசைந்துவிட்டு ஓடுகிறேன். வீடு பக்கத்தில் இருப்பது எவ்வளவு வசதி பார்த்தாயா?

ஒன்றுக்குக் கண்ணின் மேல் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு முன்சீப் என்று பெயர் வைத்திருக்கிறேன். நேற்று விரல் நுனியைக் கவ்வியது. முப்பது வருஷமாக மனுக்களை நகல் எழுதுகிறேன், யாரும் என்னைக் கண்டு இப்படி ஓடிவந்ததில்லை. சிவனாண்டியைக்கூட அழைத்துவந்து காட்டினேன். வளர வளர நிறம் திரும்புகிறது, வெளுப்பில் ஆரஞ்சு ஒட்டுகிறது.

நீ சொல்கிற பட்டாணி அளவு எனக்குக் கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் தெரிகிறது. சும்மா சொன்னேன், நீ சொன்னபடியே செய்கிறேன்.

உன் அன்புள்ள,
வேதசிரோமணி

*

ராஜபாளையம்,
17–3–1939

அன்புள்ள அத்தானுக்கு,

கல்யாணமான புதிதில் நீங்கள் தூத்துக்குடியில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பரவாயில்லை, முன்சீப்புக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

யோசித்துப் பார்த்தேன். ஈஸ்டர் வரை உங்கள் தொட்டியில் அவை நன்றாக இருந்தால், அந்த வீட்டில் நானும் இருந்துவிடலாம் என்று வைத்துக்கொள்கிறேன். ஈஸ்டருக்கு வருகிறேன். மீன் பிழைத்தால் வாக்கு வாக்குதான். இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடக்கூடாது.

இன்பம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
28–3–1939

அன்புள்ள இன்பத்துக்கு,

முதலில் "மீன்கள் சுகம்" என்று ஒரு கார்டு எழுதினேன். தபால் பெட்டி வரை கொண்டுபோய்க் கிழித்துப் போட்டேன். இதுதான் நிஜம்.

நீ வரும்போது குஞ்சுகள் கொழுகொழுவென்று இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மனிதர் தின்றால் சதை போடுகிறதே, மீனுக்கு ஏன் போடாது என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எலுமிச்சம்பழ அளவு பால்கோவாவை உதிர்த்துப் போட்டேன். அடித்துப் பிடித்துக்கொண்டு தின்றன. சந்தோஷத்தில் இன்னொரு உருண்டையும் போட்டேன். காலையில் தொட்டி அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. மேலே நெய் ஆடை, புளித்த வாடை. அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றுக்குப் பசி என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என்னைச் சொல்ல வேண்டும்.

குருவம்மாள் நாலு குடத்தைக் கொட்டிவிட்டு, "ஐயா, எம்புட்டுத்தான் நான் சொமக்க? இந்தப் பிசுக்கு போகணும்னா கெணறே வேணும்" என்றாள். நானும் குடம் எடுத்தேன். கோர்ட்டுக்குப் போகும் கோட்டோடு தெருக்கிணற்றுக்கும் வீட்டுக்கும் பத்து நடை நடந்தேன். தெருவே பார்த்தது. மத்தியானம் எண்ணினேன், உயிரோடு நாற்பத்தொன்று. முன்சீப் இல்லை. பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன், இன்பம்.

கையெட்டும் தூரத்தில் கிணறு இருந்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். நீ சொன்னதுதான் சரி. ஈஸ்டருக்கு வா என்று கூப்பிட எனக்கு இனி வாயில்லை.

வேதசிரோமணி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
3–4–1939

அன்புள்ள இன்பத்துக்கு,

ஆறு நாளாக உன் கடிதம் இல்லை. மாரிசாமியிடம் கேட்டால், "ஒண்ணும் சொல்லலியே சார்" என்கிறான். திட்டியாவது எழுதக்கூடாதா?

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு காலியாக இருக்கிறது. கல் கட்டிய கிணறு, வேனலிலும் வற்றாது என்கிறார்கள். பின்புறம் தொட்டி கட்ட இடம் உண்டு. கோர்ட்டுக்கு ஒரு மைல் நடக்கவேண்டும், நடக்கிறேன். வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. "வீட்டுல பாத்துட்டுச் சொல்லுதோம்" என்று சொல்லிவிட்டேன்.

நாற்பத்தொன்றும் நன்றாக இருக்கின்றன. கடுகளவுதான் போடுகிறேன்.

வேதசிரோமணி

*

ராஜபாளையம்,
6–4–1939, பெரிய வியாழன்

என் அன்புள்ள அத்தானுக்கு,

எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை, வெட்கத்தால். உங்கள் கடிதத்தை வெங்கம்மா வீட்டுத் தோட்டத்தில் ஒளிந்துகொண்டு நாலு தரம் வாசித்தேன்.

நான் மூவாயிரம் என்று எழுதினேனே, பொரித்தது ஐயாயிரத்துக்கு மேல். நீந்த ஆரம்பித்த இரண்டாம் நாள், இத்தனை வாய்க்குப் பட்டாணி அளவு எந்த மூலைக்கு என்று நானே இரண்டு முட்டைக் கருவையும் முழுதாகக் கரைத்துவிட்டேன். ராத்திரிக்குள் தண்ணீர் நாறிவிட்டது. கிணறு பக்கத்தில் இருந்தது. ஐம்பது குடம் இறைத்தேன். அப்படியும் இரண்டாயிரம் போய்விட்டது. தென்னை மூட்டில் புதைத்தேன். உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் "கிணறு இருந்து என்ன வாழ்ந்தது" என்று கேட்பீர்கள் என்று பயம். நான் மறைத்ததை நீங்கள் மறைக்காமல் எழுதிவிட்டீர்கள். அந்தக் கார்டைக் கிழித்தீர்களே அத்தான், அதை நினைத்தால் நெஞ்சு நிறைந்துபோகிறது.

இங்கிருந்த குஞ்சுகள் எல்லாம் வெங்கம்மா வீட்டுத் தொட்டிக்குப் போயின. நல்ல நிறமாக முந்நூறை மட்டும் எடுத்துவைத்திருக்கிறேன். பட்டாணிக் கணக்கு அவளுக்கும் சொல்லியாயிற்று.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அந்த வீட்டைப் பார்க்கத்தான். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். பால்கோவா வாங்கிவையுங்கள், எனக்கு.

தங்கள் அன்புள்ள,
இன்பம்

பி.கு.: இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மாரிசாமியின் பஸ் மேல் என் டிரங்குப் பெட்டியும் அம்மிக்கல்லும் இருக்கின்றன. அம்மி கனம், நீங்களே தூக்கவேண்டாம், சிவனாண்டி அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போய் இறக்குங்கள்.