மாமா காணாத வெள்ளை விரிப்பு

கல்லடி,
மட்டக்களப்பு.
14.01.1991

அன்பு மகன் ஜெயராஜாவுக்கு,

கர்த்தர் காத்த அளவில் நான் சுகம், முழங்கால் மட்டும்தான் சொல்வழி கேட்பதில்லை. நீயும் அந்த லண்டன் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் ஐந்து கிழமை அலைந்து நேற்றுத்தான் வந்தது, யாரோ பிரித்து வாசித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள், வாசிக்கட்டும், நான் பொய் எழுதுகிறவள் இல்லை. முன்வீட்டுக் கண்ணகை உன்னைச் சுகம் கேட்டாள், அவள் புருஷனை ஆமிக்காரர் வாவியில் வலை போட விடுகிறார்களில்லை. மார்ச் ஏழாம் தேதி பாங்கொக் போகும் வழியில் விமானம் கொழும்பில் நிற்கும், இறங்கி இங்கே வந்து ஹெக்டர் மாமாவின் கல்லறையில் பூ வைப்பேன் என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் போயிருந்து அழுதேன். இறங்காதே மகன். உன் வயதுப் பிள்ளைகள் இப்போது ரோட்டிலேயே இல்லை, வழிச் சோதனையில் பெயரைப் பார்த்து உன்னை பஸ்ஸால் இறக்கினால் நான் யாரிடம் போய்க் கேட்பேன். ஆறு வருஷமாக உன்னைக் காணாத கண்தானே, இன்னும் கொஞ்சம் பொறுக்கும்.

என் அண்ணன், உன் மாமாவின் கடைசிக் காலத்தைக் கேட்டிருந்தாய். ஜெர்மன் சண்டையில் குண்டுவிமானம் ஓட்டியதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை, நாம் கொண்டாடியதும் பிறகு பயணிகள் விமானம் ஓட்டிய கப்டன் மாமாவைத்தானே. வியாழக்கிழமைகளில் அவருடைய பாங்கொக் விமானம் நம் வீட்டுக்கு மேலால் போகும், நீ இரண்டு முனை நான் இரண்டு முனை பிடித்து வெள்ளைக் கட்டில் விரிப்பை முற்றத்தில் விரித்துவிட்டு அண்ணாந்து நிற்போம், பத்து நாளில் விரிப்புத் தெரிந்தது என்று போஸ்ட்காட் வரும். ஒரு தரம் உன் சிவப்புச் சட்டையும் தெரிந்தது என்று எழுதியிருந்தார், நீ மூன்று நாள் அதைக் கழற்றவில்லை.

போன வருஷம் குண்டுபோட வந்த விமானம் வாவிக்கு மேல் சுற்றிய பகல் சனமெல்லாம் கோயிலுக்கு ஓடியது, நான் அந்த விரிப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அண்ணனுக்குத் தெரிந்தது இவர்களுக்கும் தெரியும், குடியிருக்கிற சனம் என்று கண்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன், புத்தியைப் பார். வயதுபோய் என்னோடு வந்திருந்த மாமா ஊன்றுபொல்லை எறிந்துவிட்டு வந்து என்னை இழுத்துப்போய் மேசைக்குக் கீழே தள்ளித் தானும் விழுந்தார். குண்டு வாவிக்குள் விழுந்தது, ஓட்டுத்தூசி எல்லாம் எங்கள் தலையில். அங்கே கிடந்தபடிதான் சொன்னார்.

"மேர்சி, மேல இருந்து பாத்தா ஒண்டும் தெரியாதுகா. உன்ட விரிப்ப நான் ஒரு நாளும் காணல்ல. அங்க ஜெர்மனியில குண்டு போட்டநேரமும் எனக்கு ஒரு மனிசரும் தெரியல்ல."

அதற்கு நாலு மாதத்தில் கண்ணை மூடிவிட்டார். இத்தனை வருஷம் ஏமாற்றினாரே என்று எனக்குப் பொல்லாத கோபம். இப்போது அந்தப் போஸ்ட்காட்டுகளை எடுத்து வாசிக்கிறேன், நாம் அண்ணாந்து நிற்பதை நினைக்காமலா ஒவ்வொரு கிழமையும் எழுதினார்.

ஆகவே கொழும்பில் ஆசனத்தை விட்டு எழும்பாதே. ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கு, புறப்பட்டு இருபது நிமிடத்தில் நம் வாவி வரும் என்று மாமா சொல்வார். எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. ஜெபத்தை விடாதே, வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடிக்காதே, கர்த்தர் உன் கையை விடமாட்டார். மார்ச் ஏழு வியாழக்கிழமைதான், மறந்துவிடாதே. விரிப்பைத் தோய்த்து வைத்துவிட்டேன், உன் இரண்டு முனைக்கும் கல் வைப்பேன். உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும் மகன். தெரிந்தது என்றே எழுது.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா மேர்சி