நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டர்

என்னங்க,

உங்கள் தம்பி வீட்டில் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்கமாட்டேன். நாளைக்கு அந்த மூன்று நாள் முகாமுக்குக் கிளம்புகிறேன். நம்மைப் போலப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மட்டும்தான் வருகிறார்களாம். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நடத்துகிற அம்மா போனில், "பிள்ளை போட்ட துணி ஒண்ணு கொண்டு வாங்க. கடைசி நாள் எல்லாரும் சுத்தி உக்காந்து, நான் சொல்லச் சொல்ல நெருப்புல விடுவீங்க. மனசு லேசாயிடும்" என்கிறாள்.

குட்டியின் நீல ஸ்வெட்டரை எடுத்தேன். ஆமாம், அவள் கழற்றிப் போட்டபடி நாற்காலியில் கிடந்ததேதான். அதைத் தொட உங்களைக்கூட விடவில்லை. அதில்தானே நம் சண்டை ஆரம்பித்தது. கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, கையில் மை. ஆஸ்பத்திரி லாண்டரியில் ஊரார் துணியெல்லாம் வெளுக்கிறவள், நாலு பேர் முன்னால் என் பிள்ளை துணியை அழுக்காக நீட்டுவேனா? ஊறவைத்து, அலசி, காயப்போட்டு, இஸ்திரியும் போட்டேன். கறை இருந்த இடமே தெரியவில்லை. கை அதன்பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது.

மடித்துவிட்டு, தினமும் செய்வதுபோல முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

இனி அதை எரித்தால் என்ன, எரிக்காவிட்டால் என்ன. பையில் வைத்துவிட்டேன்.

நீங்கள் போனபோது குட்டியின் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். வாசல்வரை வந்து திட்டினேன். உங்கள் தம்பி பெண்டாட்டி ரொம்பச் சுத்தம் பார்க்கிறவள். அந்த உறையை மட்டும் துவைக்க விட்டுவிடாதீர்கள்.

குட்டியின் அம்மா